ஏழாம் தேதி

பதினோரு வருஷமாய் என் சம்பளம்
அவர் சட்டைப்பையில்தான் மணியடித்தது.
ஏழாம் தேதி நான் காலர் தைத்துக்கொண்டிருப்பேன்.
பொம்மனஹள்ளி, இரண்டாம் மாடி, நாலாவது லைன்,
மணிக்கு எண்பது காலர்.
செய்தி அவருக்குப் போகும்.
எவ்வளவு ஏறியது, ஓவர்டைம் சேர்ந்ததா,
சாயங்காலம் அவர்தான் எனக்குச் சொல்வார்,
சில மாதம் சொல்ல மறந்துவிடுவார்.

கெட்டவர் இல்லை.
கணக்குத் திறந்த நாளில் வீட்டில் ஒரே போன்,
அவ்வளவுதான் காரணம்.
அப்புறம் எனக்கும் போன் வந்தது.
காரணம் போய்விட்டது, நம்பர் போகவில்லை.

அரை நாள் லீவு கேட்டேன்.
"மத்தே ரஜாவா?" என்றார் சூப்பர்வைசர்,
போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுத்ததை
இன்னும் விரலில் வைத்திருக்கிறார்.
பஸ்ஸில் ஜீரோ டிக்கெட்.
சில்க் போர்டு நெரிசலில் அதை
எட்டாய் மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

கவுண்டர் பெண் கன்னடத்தில் கேட்டாள்,
வீட்டுக்காரர் வரவில்லையா?
சம்பளம் நந்து, என்றேன்.
நந்து என்றால் என்னுடையது.
இந்த ஊருக்கு வந்து முதலில் கற்ற சொற்களில்
அது கிடையாது.
பேகா, சாகு, ஹௌது மேடம்,
அதெல்லாம்தான் முதலில் வந்தது.

பழைய நம்பர்?
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.
புது நம்பர்?
போனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.
நான் எனக்கே போன் செய்துகொண்டதில்லையே.
படிவத்தில் வேளாங்கண்ணி என்று எழுதினேன்.
அடுத்த கோட்டில் கணவர் பெயர் கேட்டிருந்தது.
அதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
அவள் பார்த்தாள். முத்திரை குத்தினாள்.

இந்த ஏழாம் தேதி
லாக்கரில் பூட்டிய தொண்ணூறு போன்களுக்கு நடுவே
இருட்டில் ஒரு தரம் அதிர்ந்திருக்கும்.
எனக்குக் கேட்கவில்லை.
ஊசிக்கடியில் காலர் திரும்பிக்கொண்டிருந்தது,
ஐம்பத்தி ஒண்ணு, ஐம்பத்தி ரெண்டு.

ராத்திரி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்,
"இந்த மாசம் சம்பளம் போடலையா?"
"போட்டாங்க."
கரண்டி கொஞ்சம் நின்றது.
அவர் போனை எடுத்துப் பார்த்தார்,
திருப்பி வைத்தார், என் போனைப் பார்த்தார்.
மகள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை,
மெல்லுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"எவ்வளவு?"

பதினோரு வருஷத்தில் முதல் தரம்
அந்தக் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.
பைசாவோடு சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம் என்பது
பாத்திரம் கழுவும்போதுதான்
தோன்றியது.