சுழியமும் கோடும்

புளியரை விருந்தினர் மாளிகையில் மூன்றாம் நாள்.
மழையை மதிப்பிடும் முன்
மதிப்பிடும் முறையை எழுதி முடிக்கச் சொல்லி
அனுப்பியிருக்கிறார்கள் என்னை.
யார் எழுதுவது, யார் திருத்துவது,
திருத்தியதை மறுத்தால் யாரிடம் போவது.
சுவரில் ஒட்டிய சார்ட்டில்
அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன.

'அநேகமாக' என்ற ஒரு சொல்லுக்கே
முற்பகல் முழுக்கப் போயிற்று.
நூற்றுக்கு அறுபத்தாறு என்றார் ஹெப்சிபா மேடம்.
"எங்க ஊர்ல அநேகமா வாரேன்னா
வரமாட்டான்னு அர்த்தம்" என்றார்
டீயை வைத்துவிட்டு டிரைவர் மந்திரமூர்த்தி,
யாரும் கேட்காமலே.

மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு.
அங்கே பொழிவது அவர்கள் அறிக்கையில்,
இங்கே தெறிப்பது நம் அறிக்கையில்.
எங்கள் வரைபடத்தில் கணவாய்க்கு மேற்கே
வெறும் வெள்ளை.
ஆனி பிறந்தால் மேகமெல்லாம்
அந்த வெள்ளையிலிருந்துதான் வருகிறது.

வெளியார் கருத்து, எண் இருநூற்றுப் பதினான்கு.
அனுப்பியவர் கோமதிநாயகம், மழைமானி பார்ப்பவர், ஓய்வு.
'ஆதாரக் கட்டுரை' என்ற கட்டத்தில்
'கட்டுரை இல்லை. நான்தான்' என்று எழுதியிருந்தார்.
கீழே, நீல மையில்:
'தொண்ணூற்று நாலு நவம்பரில் ஆறு நாள் சுழியம் இருக்கும்.
அது மழையில்லாத சுழியம் அல்ல.
மகள் பிரசவத்துக்குப் புனலூர் போனேன்.
ரோடு சரிந்து திரும்ப முடியவில்லை.
பார்க்காத நாளுக்குக் கோடு போடவேண்டும்.
வேலைக்குப் பயந்து சுழியம் போட்டேன்.
ஆறு நாளும் பேய்மழை.'

அந்த ஆறையும் கூட்டித்தான்
மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வளைகோடு,
உயர் நம்பகம் என்ற முத்திரையோடு.

என் நடைமுறையில் பெட்டிகள் மூன்று:
ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது,
குறித்துக்கொள்ளப்பட்டது.
மூன்றாவதன் அடியில் குப்பைக்கூடை இருப்பது
அரசு ஊழியர் எல்லோருக்கும் தெரியும்.

இரவு பதினொன்றுக்கு நாலாவது பெட்டி வரைந்தேன்:
'பார்த்தவரிடம் நேரில் போய்க் கேட்கவும்.'
ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"பயணப்படி எந்தத் தலைப்பில்?"
சென்னையிலிருந்து போன்:
கோடெல்லாம் வேண்டாம்,
காலி இடம் தெரிந்தால் சபையில் கேள்வி வரும்,
சுழியம் போட்டது போட்டபடி இருக்கட்டும்,
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவீர்கள்தானே?

அநேகமாக, என்றேன்.

விடிந்ததும் மந்திரமூர்த்தியிடம் முகவரியைக் காட்டினேன்.
பண்பொழி ரோடு, கூட்டுறவு வங்கிக்குப் பின்னால்.
வண்டியை எடுத்தார்.
தூறல் பிடித்துக்கொண்டது.
வைப்பரில் ஒன்றுதான் வேலை செய்தது,
அவர் பக்கத்தது.