இருபது லிட்டர்

பத்து மணிக்குத்தான் ஜன்னலைத் திறப்பேன்.
அதற்குள் வரிசை நின்றிருக்கும்.
ஆட்கள் இல்லை, கேன்கள்.
நீலம், மஞ்சள்,
மூடி தொலைந்து துணி செருகியது ஒன்று.
மைனஸ் முப்பத்தொன்றில்
வரிசை நிற்கக் கேன்களால்தான் முடியும்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
குழாய் ஏறாத தெரு இது.
லாரி வந்து என் தொட்டியை நிரப்பும்.
திருகைத் திருப்புவேன், காசு வாங்குவேன்,
நோட்டில் கோடு போடுவேன்.
அவ்வளவுதான் உத்தியோகம்.

போன மாதம்
மாவட்ட அலுவலகத்துப் பையன் ஒருவன்
கதவு கதவாய்ப் போய் வருமானம் கேட்டான்.
கோம்போ ஒரு தொகை சொன்னானாம்.
அடுப்படியிலிருந்த மனைவி
சிரித்துவிட்டாளாம்.

என்னிடம் கேட்டிருக்கலாம்.
பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறவர்கள்
கீழே நகரத்தில் இருக்கிறார்கள்.
இங்கே தண்ணீரைத்தான் பணமாய் எண்ணுகிறோம்.
சம்பளம் வந்த வாரம் அறுபது லிட்டர்.
மாதக் கடைசியில் இருபது.
டிவி அடகுக்கடைக்குப் போன வீட்டில் பத்து.
அதற்கும் கீழே என்றால்
பனியை உருக்குகிறார்கள்.
எங்கள் தெருப் பனி கறுப்பு.

நியம்சுரென் வீட்டுக்கு
சனிக்கிழமை மட்டும் ஒரு கேன் கூட.
புருஷன் புரெவ்தோர்ஜ்
அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தள்ளுகிறவன்.
அவன் சீருடை அலச மூன்று தண்ணீர் வேண்டும்.

நவம்பரில் அந்தக் கேன் நின்றது.
அவன் நிற்கவில்லை.
ஆறரை பஸ், அதே சட்டை,
சாப்பாட்டுப் பை.
சாயங்காலம் பார்ப்பேன்,
போன வெளுப்போடே சட்டை திரும்பி வரும்.

எனக்குத் தெரிந்தது
துவைக்கிறவளுக்குத் தெரியாமலா போகும்?
ஆனாலும் காலையில்
பையில் ரொட்டி வைத்து
வேலிவரை வந்து வழியனுப்பினாள்.
அவனும் கையசைத்தான்.

பிப்ரவரியில்
இரண்டு கேன் கூட வாங்கினாள்.
திங்களன்று மறுபடி இரண்டு.
என் வாய் சும்மா இருக்கவில்லை.
“வேலை கிடைத்துவிட்டதா? நல்லது, நல்லது.”

காசு எண்ணுவதற்குக் கையுறையைக் கழற்றினாள்.
கணுவெல்லாம் வெடித்திருந்தது.
ஜன்னல் வழியே
ப்ளீச்சிங் பவுடர் வாசம் உள்ளே வந்தது.

“ரயிலடி விடுதிப் போர்வை உறைகள் அக்கா.
மெஷினைவிட நான் மலிவு.
உள்ளேயே காயப்போடுகிறேன்,
வெளியே போட்டால் புகை முதலில் உடுத்திவிடுகிறது.
பிள்ளைகள் ஈரத்துக்குக் கீழே படுக்கிறார்கள்.”

“அவர்?”

“அவர்தான் மூட்டை எடுத்துவருகிறார்.
அதே ஆறரை பஸ்.”
கொஞ்சம் நின்று சொன்னாள்:
“சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.”

சறுக்குவண்டியில் கேன்களைக் கட்டி
மேட்டில் இழுத்துக்கொண்டு போனாள்.
நல்லது என்று இரண்டு முறை சொன்னது
என் நாக்கிலேயே ஒட்டிக்கிடந்தது,
குளிரில் இரும்பை நக்கினாற்போல.

நேற்று அந்தப் பையன் திரும்ப வந்தான்.
நோட்டைப் புரட்டினான். முகம் மலர்ந்தது.
“தண்ணீர்ச் செலவு கூடியிருக்கிறதே,
உங்கள் தெரு முன்னேறுகிறது.”
அறிக்கையில் எழுதுவானாம்.
அடுத்த வருஷம் குழாய் வருகிறதாம்,
அப்புறம் இந்தச் சாவடி வேண்டாமாம்.
அதையும் நல்ல செய்தியாகத்தான் சொன்னான்.
அவனுக்கு டீ கொடுத்தேன்.
சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன்,
வேறொன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தவேண்டும்.
ரப்பர்க் குழாயில் மிஞ்சியதை
உறைவதற்குள் வடித்துவிட வேண்டும்.
அது விதி.
எங்கே வடிப்பது என்று
விதியில் போடவில்லை.

துணி செருகிய கேன்
இன்னும் வெளியேதான் நிற்கிறது.
துணியை உருவினேன்.
கட்டையாய் விறைத்திருந்தது.
நோட்டை மூடிவிட்டுத்தான்
குழாயைத் தூக்கிப் பிடித்தேன்.