பார் ஐஸ், இரவு ஒன்றரை

காசிமேட்டில் ஐஸுக்கு ராத்திரி கிடையாது.
அம்மோனியா மூக்கில் ஊசி ஏற்ற
தேசிங்கு கொக்கி போட்டு இழுக்கிறான்,
நான் கணக்கு எழுதுகிறேன்:
லூர்து விசைப்படகு, நாற்பது பார்.
பாக்கி, போன வாரத்தது.

ஸ்விட்ச் பெட்டி மேல் சாய்த்து வைத்த போனில்
வேறு ஒரு ஐஸ்.
அதன் மேல் மீன் இல்லை, உப்பு இல்லை,
கத்தி கட்டிய காலோடு மனிதர்கள்.
கேரம் போர்டில் சுண்டிய கறுப்புக் காய் போல
ஒரு வட்டு. அதன் பின்னால் பத்துப் பேர்.
"ஹாக்கியாம்பா" என்கிறான் தேசிங்கு.
"ஒலிம்பிக்ஸ்."

மீன்பாடி வண்டி கஸ்பர்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு ஆரம்பித்தான்:
"இவனுங்கல்லாம் வருசம் பூரா
கோடி கோடியா வாங்கினு ஆடறவனுங்க.
இங்க இன்னாத்துக்கு வரணும்?
ஒரு பைசா பாக்காத பசங்களுக்கு வுட்றக் கூடாதா?"

"கெட்டிக்காரன ஊட்ல குந்த வெச்சிட்டு
மெடல் குடுப்பியா?
அது இன்னா மெடலு, தகர டப்பா மூடி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ராயபுரத்தில் ஏழு பேர் ஃபுட்பால்.
மூன்று வருஷம் நான்தான் கோல்கீப்பர்.
கூலி, ஜெயித்தால் முட்டை பிரியாணி,
தோற்றால் குஸ்கா.
ஃபைனல் அன்றைக்கு ஆட்டோவில் ஒருத்தன் இறங்கினான்.
ஏதோ டிபார்ட்மென்ட் டீம்.
கவரில் ஆயிரத்து ஐந்நூறு, ஆட்டோ காசு தனி.
செயலாளர் ஏழுமலை தோளில் கை போட்டு
"கோச்சிக்காத மச்சான், கப்பு முக்கியம்" என்றான்.
ஒன்றாம் நம்பர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
என் வேர்வை ஈரத்தோடு அவன் போட்டுக்கொண்டான்,
முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பெனால்டி இரண்டு பிடித்தான்.
ஒன்று, இடது கீழ் மூலை.
எனக்குத் தெரியும்,
அங்கே என் கை போயிருக்காது.
கோட்டுக்கு வெளியே எல்லோரையும் விட
உரக்கக் கத்தியவன் நான்.
தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது.
ஏழுமலையை மன்னித்துவிட்டேன்,
அந்தக் கத்தலை இன்னும் இல்லை.

ஆடலாம் என்றால் என் சட்டை போகிறது.
கூடாது என்றால் அந்த மூலை போகிறது.

இதை எல்லாம் நான் சொல்லவில்லை.
"ஐந்நூறு குறையுது" என்றேன், லூர்து கணக்கை.

அரை பார் வாங்க வந்த அமலோற்பவம்
கூடையை இறக்கிப் போனைப் பார்த்தாள்.
"வழுக்கி வுழுந்தா பல்லு போயிடாது?
இதுக்கு எவ்ளோ தராங்க?"

"ஊர்ல ஆடுனா கோடி. இங்க ஆடுனா
கூலி இல்லக்கா. நாட்டுக்கோசரம், சும்மா."

"சும்மாவா? ஐஸு மேலயா?"
சிரித்தாள். விரல்களை விரித்துக் காட்டினாள்:
வெளுத்து, சுருங்கி,
ஊறப்போட்ட மொச்சை தோல் மாதிரி.
"அப்ப இந்த அரை பாரையும்
நாட்டுக்கோசரம் குடேன்."

கஸ்பர் பீடியைத் தேடினான்.
அவள் முந்தியை அவிழ்த்து
ஈரச் சில்லறையை எண்ணி வைத்தாள், சரியாக இருந்தது.

மோட்டார் போட்டதும் போன் அதிர்ந்து சரிந்தது.
யார் ஜெயித்தார்கள் தெரியாது.
அரைவை வாயிலிருந்து கையகலத் துண்டு ஒன்று தெறித்து
ஈரத் தரையில் சீறிக்கொண்டு
சாக்கடைப் பக்கம் போனது.
பேனா கையில் இருக்க, முட்டி மடங்கி
செருப்புக் காலால் நிறுத்தினேன்.
யாரும் பார்க்கவில்லை.

வலது பக்கம்தான்.
வலது எனக்கு எப்பவும் வரும்.