ஊரில் பதினொரு லிஃப்ட்

எனக்கு மூன்றாம் நாளே வேலை கிடைத்துவிட்டது.
நண்டு ஆலை. காலை உடைத்துச் சதையை உருவ வேண்டும்.
கையுறை அளவைத் தவிர
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மரகாய்போவில் ஏழாம் வகுப்புக்குப்
பூகோளம் நடத்தியவள் நான்.
மகெல்லன் நீரிணையைக் கோலால் தொட்டு
"இதற்குக் கீழே குளிர்தான் பிள்ளைகளே" என்று
பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.
இப்போது அந்தப் பக்கத்தில்தான்
வாடகைக்கு இருக்கிறோம்.

எவுடோமார் லிஃப்ட் மெக்கானிக்.
இருபத்திரண்டு வருட சர்வீஸ்.
இந்த ஊரிலோ
காற்றுக்குக் குனிந்துகொண்ட வீடுகள்,
தகரக் கூரை, மிஞ்சினால் ஒரு மாடி.
முதல் வாரம் நடந்தே எண்ணிவிட்டு வந்தான்.
"பதினொன்று இருக்கிறது நெரெய்தா.
அதில் ஒன்று ஓடவில்லை."
ஓடாததைச் சொல்லும்போது
முகத்தில் ஒரு வெளிச்சம்.

பதினொன்றுக்கும் ஒரே கம்பெனி.
ஆள் சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வருவான்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
சான்றிதழ் கேட்டார்கள். இருந்தது.
இந்த நாட்டு முத்திரை கேட்டார்கள்.
முத்திரைக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும்,
ஒப்பந்தத்துக்கு முத்திரை.
"இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிற பெட்டி" என்றான்,
"கதவைத் திறந்தால் சுவர்."

பெட்ரோல் பங்க். ஆட்டுத்தோல் கிடங்கு.
பேக்கரிக்காரி கேட்டாளாம்,
"சிலியில் அனுபவம் உண்டா?"
இங்கே மாவு வேறு மாதிரியா புளிக்கிறது என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கியிருக்கிறான்.
அவர்கள் பேசுவதும் ஸ்பானியம்தான், நாங்கள் பேசுவதும்.
போனில் மூன்றாம் முறை
"என்ன சொன்னீர்கள்?" என்றதும்
எதிர்முனை வைத்துவிட்டது.

நேர்காணலுக்கென்று ஒரே வெள்ளைச் சட்டை.
இரவில் துவைத்து ஹீட்டர்மேல் போடுவேன்.
காலையில் சட்டையும் அவனும்
ஒரே விறைப்பு.
என் சம்பளத்தை அவன் கையில் கொடுப்பதில்லை.
டப்பாவில் வைத்துவிட்டு
"சர்க்கரை இருக்கிறதா பார்" என்பேன்.
பார்ப்பான்.
"இருக்கிறது" என்பான்.

ஐந்தாம் மாதம் ஓர் ஓட்டலில் கூப்பிட்டார்கள்,
சமையலறை எடுபிடிக்கு.
மேலாளர் மிலென்காவே கீழே வந்து
மேலே அழைத்துப் போயிருக்கிறாள்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
நின்றுவிட்டது.

அவள் கதவை அடித்தாளாம், அழுதாளாம்.
இவன் வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து
சத்தங்களை ஒவ்வொன்றாக
அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறான்.
"இந்த டிக் இருக்கிறதே, கதவுக் காண்டாக்ட், தூசி.
அந்த முனகல் பிரேக். நன்றாகப் பிடித்திருக்கிறது.
விழாது அம்மா.
விழுவதற்கு இதற்கு அனுமதியே இல்லை."
நாற்பது நிமிடம்.

ஒரு வெண்ணெய்க்கத்தி போதும், திறந்திருப்பேன் என்றான்.
ஏன் திறக்கவில்லை?
உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான்.
முத்திரை இல்லாத கை.

தீயணைப்புக்காரர்கள் இழுத்து வெளியே விட்டதும்
மிலென்கா படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்,
"திங்கட்கிழமை வாருங்கள்.
உருளைக்கிழங்கு உரிக்க."

நாளுக்கு முப்பது கிலோ.
போன வாரம் சாந்தியாகோ ஆள் வந்தான்.
இவன் கத்தியும் கிழங்குமாக
சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.
"வேறு பாகத்தை மாற்றிவிட்டுப் போகிறான் நெரெய்தா"
என்று இரவில் காதோடு சொன்னான்,
அடுத்த வீட்டு ரகசியம்போல.
மறுபடி எப்போது நிற்கும் என்று
அவனுக்குத் தெரியும்.
காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி.
நான் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை.

நேற்று சர்க்கரை டப்பாவின் மூடி
சரியாக மூடவில்லை.
அவனும் வைத்திருக்கிறான்.
மகள் இரவு எங்கள் போர்வைக்குள் நுழைந்தவள்
மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.
ஒரு பக்கம் நண்டாம்,
ஒரு பக்கம் வெங்காயமாம்.