நெஞ்சளவு நாற்பத்தெட்டு

பதிவேட்டில் இப்படித்தான் எழுதினேன்:
சட்டை, காக்கி, அரைக்கை.
நெஞ்சளவு நாற்பத்தெட்டு.
அணிந்தவர் நெஞ்சளவு முப்பத்திரண்டு.
பயன்பாடு: ‘முன்னூறு யூனிட்’,
தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்,
நூற்றுப் பதினாறு வாரம்.

ஞாயிறு தவறாமல்
மீட்டர் ரீடிங் எடுக்க வருவார் ஒச்சப்பன்.
ஆளுக்கு முன்னால் சட்டை படியேறும்.
கதவைத் திறப்பவர்கள்
முதலில் சட்டையைப் பார்ப்பார்கள்,
பிறகு அதற்குள் ஆளைத் தேடுவார்கள்.
அவ்வளவுதான் நகைச்சுவை.
செல்லூர் முழுக்கச் சிரித்தது.

துணியில் பூச்சி விழாதிருக்க
பதினான்கு நாள் உறைகுளிரில் வைக்க வேண்டும்.
எங்கள் அருங்காட்சியகத்தில் இருப்பதோ
மோர் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ்,
அதுவும் கண்காணிப்பாளர் அறையில்.
கீழவாசல் பக்கம் ஒரு ஜிகர்தண்டாக் கடையில்
கெஞ்சிக் கேட்டு,
பாலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி
ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு அடியில் கிடத்தினோம்.
சித்திரை மாதம். ஊரே வெந்து கிடந்தது.
அந்தப் பதினான்கு நாளும் மதுரையில்
குளிரக் குளிரப் படுத்திருந்தது
அவர் ஒருத்தர்தான்.
“கரண்டு போனா நான் பொறுப்பில்ல”
என்றார் கடைக்காரர் காஜா முகைதீன்.
என்ன சொன்னோம் என்று புரிந்து
அவரே சிரித்தார்.

பையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது.
நாடகத்துக்கானது அல்ல.
‘ஐயா, பெரிய மனசு பண்ணி
எங்கள் மீட்டரை ஒருமுறை பார்க்கவும்.
ஒரு குண்டு பல்பு, ஒரு காத்தாடி.
எப்படி இவ்வளவு ஓடும்?’
கீழே கதவு எண்.
பெயர் மடிப்பில் அழிந்திருந்தது.

படப்பிடிப்பு நடந்த தெருவில்
யாரோ நிஜமென்று நம்பிக் கொடுத்தது.
நான் நடிகன் என்று
அவர் சொல்லவில்லை போலிருக்கிறது.
வாங்கி, நாலாய் மடித்து,
பையின் பட்டனையும் போட்டிருக்கிறார்.
சட்டையின் எண்ணோடு ஓர் ‘அ’ சேர்த்துத்
தாளுக்குத் தனி எண் கொடுத்தேன்.
‘நடவடிக்கை’ என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

சென்னையிலிருந்து விதிமுறை வந்தது:
தையல் இழுபடாதிருக்க உள்ளே பஞ்சு நிரப்புக.
நிரப்பினோம்.
தோள் நிமிர்ந்தது, வயிறு பொருந்தியது,
கண்ணாடிக்குள் ஓர் உதவிப் பொறியாளர்
பதவி உயர்வுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்
உசிலம்பட்டி பஸ்ஸில் வந்திறங்கினார் முத்துப்பேச்சி,
அவர் மனைவி.
கண்ணாடியை ஒருமுறை சுற்றி வந்தார்.
இன்னொரு முறை, எதிர்ப்பக்கமாக.
“இம்புட்டுச் சோறு
யாரு போட்டது இவருக்கு?”

விதிமுறையில் அதற்குப் பதில் இல்லை.
மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு
நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஏழு மணிக்கு மேல்,
காவலர் டீக்குப் போயிருந்த நேரம்,
கையுறை மாட்டிக்கொண்டு
கழுத்து வழியே பஞ்சைப் பிடுங்கினேன்,
பிடி பிடியாக.
இடது தோள் முதலில் சரிந்தது.
வலது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரிந்தது.
காலர் தனக்கொரு கழுத்தைத் தேடுவதுபோல்
முன்னால் எட்டிப் பார்த்தது.
காலிக் கூடத்தில்
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

திரும்பி வந்த காவலர் நல்லமாயன்
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
டீ டம்ளரை ஜன்னல் மேல் வைத்தார்.
சட்டையைப் பார்த்துக்
கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:
“சார், போறப்ப
எங்க வீட்டு மீட்டரையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க.”