உள்தாழ்ப்பாள்

பாரத்தில் ஏழாவது கேள்வி அது.
தங்க வருபவருக்குத் தனி அறை உண்டா,
அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா.
ஏகாம்பரம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
வீட்டை ஒரு சுற்று பார்த்தார்.
ஒரு சுற்றுக்கு ஒன்பது எட்டுதான்.
உண்டு என்று எழுதினார்.
அப்புறம்தான் கதவு தேடப் போனார்.
மாதாமாதம் அவர்கள் தரும் பணம்
கௌசியின் டியூஷனுக்கு ஆகும் என்று
நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினேழு வருடமாக உள்ளறைக்கு
என் பழைய பூனம் சேலைதான் கதவு.
சூளையில் இடித்த ஒரு வீட்டிலிருந்து
மீன்பாடி வண்டியில் படுத்தபடி வந்தது
மரக்கதவு.
யார் வீட்டுப் பிள்ளையோ வளர வளர
பென்சிலால் கிழித்த கோடுகள் அதில்.
நான்காம் கோட்டோடு நின்றிருந்தது.
எல்லாவற்றையும் துடைத்தேன், அதை விட்டுவிட்டேன்.
அடியில் மூன்று விரல் இடைவெளி.
தாழ்ப்பாள் மட்டும் புதுசு.

லாட்வியா என்றார்கள்.
கௌசி வரைபடத்தில் தேடிப் பிடித்து
சுண்டுவிரல் நகத்தால் மூடிக் காட்டினாள்.
பெயர் இல்ஸே.
வியாசர்பாடிக்கு அந்த ஸே வரவில்லை.
ரெண்டாம் நாளே தெருப் பசங்கள்
இல்ல ஆக்கிவிட்டார்கள்.
'யக்கா, இல்ல கீறாளா?'
'கீறாடா.'
'கீறான்னா அனுப்பு, கேரம்முக்கு ஆள் இல்ல.'

ஆனால் முதல் வாரம் முழுக்க
ஏழரைக்கே விழும் அந்தச் சத்தம்,
டக்.
நாங்கள் மூவரும் டிவியைக் குறைப்போம்.
அவளுக்கு எடுத்துவைத்த இட்லி ஆறும்.
என் கையா, தண்ணீரா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று
கடுகு டப்பாவிடம் கேட்டுக்கொண்டிருப்பேன்.
மூன்று விரல் வெளிச்சத்தில்
அவள் பாதம் போகும், வரும், போகும்.
ஒரு ராத்திரி மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.
அவள் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
மாங்காய் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தூவி
தட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.
ஜெயிலுக்குச் சோறு போடுவதுபோல்தான் இருந்தது.
உள்ளே இருமல்.
அப்புறம் இருமலா சிரிப்பா தெரியாத ஒன்று.
தட்டு திரும்பி வந்தது, காலியாக இல்லை.
ஒரு மிட்டாய்,
தாளில் பசுமாடு படம்.

ஜீவா ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்னப் பழகினாள்.
மழையில் சுரங்கப்பாதை நிரம்பினால்
எந்த வழியாகச் சுற்றி வரணும் என்று
ஏகாம்பரத்துக்கே சொன்னாள்.
குழாயடியில் ஒருநாள் பங்கஜம்
நம் நீலக் குடத்தைக் காலால் ஒதுக்க,
இவள் போய் நின்றாள்.
'எங்க குடம். நவுரு.'
உங்களோட குடத்தைத் தூக்கிவைத்தேன் என்றுதான்
என்னிடம் வந்து சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.
நம்ம என்றிருந்தால்
பங்கஜமும் அதற்குள் வந்துவிடுவாள்.
எங்க.
ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

அதற்குப்பின் ராத்திரியில் டக் இல்லை.
புழுக்கத்துக்குக் கதவு விரியத் திறந்து கிடக்க
நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள் கால்,
அந்தப் பக்கம் கௌசியின் தலை.

எல்லோரும் போன பிறகு, பத்தரை மணிக்கு
பெருக்கத்தான் உள்ளே போனேன்.
ஏனோ தாழ்ப்பாளை இழுத்தேன்.
பாத்ரூம் தவிர
ஒரு கதவுக்குப் பின்னால் நான் மட்டும் இருந்ததில்லை.
அங்கேயும் யாராவது தட்டுவார்கள்.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
அழவில்லை, தூங்கவில்லை.
எழுந்து கதவில் சாய்ந்து பார்த்தேன்,
நான்காம் கோடு என் தோளுக்கு வந்தது.
மறுநாளும் பத்தரைக்குப் போனேன்.
துடைப்பம் எடுத்துப் போகவில்லை.

இன்று துறைமுகத்தில் கண்டெய்னர் வரவில்லை என்று
ஏகாம்பரம் சீக்கிரமே வந்துவிட்டார்.
கதவைத் தொட்டார். தள்ளவில்லை.
'உள்ள யாரு, இல்லயா?'
'இல்ல' என்றேன்.
எப்படிப் புரிந்துகொண்டாரோ.
கொஞ்ச நேரம் மூன்று விரல் வெளிச்சத்தில்
அவர் செருப்பு நின்றது.
அப்புறம்
சோற்றுப் பானையைத் தானே திறக்கிற சத்தம்.