கருப்பு கடைசியில்தான் போகும்

என் கம்ப்யூட்டரில் 'மீசை' என்று ஒரு போல்டர்.
இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
காதுகுத்து, கிடாவெட்டு, பூப்புனித பேனர்களுக்கு வந்த
ஆம்பளைகளின் உதட்டு மேலிருந்து
ஒவ்வொன்றாய் வெட்டிச் சேர்த்தவை.
மெலிந்தவனுக்குத் தடித்தது ஒட்டுவேன்.
நரைத்ததற்கு மை.
செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பதினாறு வருசமாய் இதுதான் பிழைப்பு.

எடுக்கச் சொன்ன முதல் ஆள் ஒச்சப்பன்.
சித்தப்பா மகள் கல்யாண பேனரில்
கீழ் வரிசை, ஏழாவது முகம்.
"அண்ணே, என் மீசையைத் தூக்கிருங்க.
கொஞ்சம் வெளுப்பாக்குங்க.
கொரியாக்காரப் பயக மாதிரி, வழுவழுன்னு."
"உதைக்கப் போறாய்ங்கடா" என்றேன்.
எடுத்தும் கொடுத்தேன்.

நாகமலைப் பக்கம் கல்லூரியில் வரலாறு படித்தான்.
ஸ்டூலில் குந்தி, என் டீயை எடுத்துக் குடித்தபடி
சீனத்துக் கதையாய்ச் சொல்வான்.
ஒரு தளபதியின் தாடி குளிருக்கு உதிராமலிருக்க
பட்டில் பை தைத்துக் கொடுத்தார்களாம் அரண்மனையில்.
அந்தத் தாடி மண்ணுக்குள் போய்
ஒரு தலைமுறை ஆகவில்லை,
பெரிய மனுசர்கள் கையிலெல்லாம் பவுடர்.
அதில் ஒருத்தன், நடக்கும்போதே
தன் நிழலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவன்.
அவன் வெளுப்பு பிறவியா பூச்சா என்று
ராஜாவுக்குச் சந்தேகம்.
கத்திரி வெயிலில் கூப்பிட்டு உட்காரவைத்து
கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ்.
வேர்த்துக் கொட்டியதாம்.
சிவப்பு அங்கியின் கையால் துடைத்தானாம்.
துடைக்கத் துடைக்க
முகம் இன்னும் வெளுத்ததாம்.

"இன்னொருத்தன்ணே, அழகன்.
ஊருக்குள்ள வந்தா சனம் செவுரு மாதிரி கூடிரும்.
பாத்துப் பாத்தே கொன்னுட்டாய்ங்க."
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
அவன் ரோட்டைக் கடந்து போகையில்
வெற்றிலைக் கடை, டயர் கடை, ஆட்டோ வரிசை
அத்தனையும் கழுத்தைத் திருப்பியது.
நானும்தான்.

கார்த்திகையில், கருமாத்தூர் வளைவில், மணல் லாரி.

பதினாலாம் நாள் அவன் அப்பா வந்தார்.
கல்யாணமாகாத மகனுக்குக் கொள்ளி வைத்தவர்;
தலையும் மீசையும் மழித்திருந்தது.
நாற்பது வருசம் வெயில் படாத இடம்
உதட்டு மேல் வெளிறிக் கிடந்தது.
"நீ போட்ட படம்தான் இருக்கு.
அதுல மீசை வச்சிரு.
ஆம்பளையா நிக்கட்டும்."
வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவன் எடுக்கச் சொன்னதை நான் சொல்லவில்லை.
போல்டரைத் திறந்தேன்.
அறுபத்தொன்றாவது சரியாகப் பொருந்தியது.
பொருந்தாமல் என்ன?
பத்து வருசத்துக்கு முந்தி கிடாவெட்டு பேனரில்
இவர் உதட்டிலிருந்து எடுத்ததுதான்.
இடப்பக்கம் லேசாய்த் தூக்கினாற்போல.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
வெறும் உதட்டை விரலால் ஒருதரம் தொட்டார்.
"எட்டுக்குப் பத்து போதும்" என்றார்.

மெஷின் தலை அங்கிட்டும் இங்கிட்டும் ஓட
அவன் நெற்றி வந்தது, கண் வந்தது,
மீசை வந்தது.
நான் பீடி குடிக்க வெளியே போய்விட்டேன்.

முக்கு ரோட்டில் கட்டினார்கள்.
பிள்ளையில்லாத வீட்டில் எடுக்கச் சொல்ல யாரும் வரவில்லை.
மாசி, பங்குனி.
ஃப்ளெக்ஸில் முதலில் சிவப்பு போகும், அப்புறம் மஞ்சள்.
கருப்பு கடைசியில்தான் போகும்.
ஒச்சப்பன் முகம் நாளுக்கு நாள் வெளுத்து
அவன் கேட்டதற்கும் மேலே வெளுத்து
அதன் நடுவே அப்பாவின் மீசை
ஒட்டிய அன்று போலவே.

நேற்று உசிலம்பட்டி பஸ் கிளப்பிய புழுதி அடங்கியதும்
அவன் அம்மா ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள்.
முந்தானையை நனைத்தாள்.
எட்டிய மட்டும், கன்னம், தாடை.
துடைக்கத் துடைக்க.
உதட்டு மேல் மட்டும் நாலைந்து தரம்,
குழந்தைக்குப் பால் நுரை துடைக்கிற மாதிரி.

ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
நான் கடைக்குள் திரும்பி
விட்ட இடத்திலிருந்து
யாரோ ஒரு மாப்பிள்ளையின் மூக்கைச் சின்னதாக்கினேன்.